உண்மையை எழுதும் அதிகாரியை யார் காப்பது?

வியாபாரிகளான நாம் அரச அதிகாரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது பெரும்பாலும் குறை சொல்வதாகவே இருக்கும். சுங்கத்தில் தாமதம், பரிசோதனை அறிக்கை வரவில்லை, கையொப்பமிட வேண்டியவர் லீவில் போய்விட்டார், டெமரேஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம்மிடம் சொல்வதற்கு நிறைய இருக்கின்றன. அவற்றில் பல நியாயமானவை. இந்தப் பத்தியிலும் அவற்றைப் பல தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த வாரம் மறுபக்கத்தைப் பேச விரும்புகின்றேன். ஆய்வுகூடத்தில் அமர்ந்து, கண்டதைக் கண்டபடி எழுதுகின்ற அரச விஞ்ஞானிக்கு ஒரு பிரச்சினை வந்தால் அவரைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? இது நமக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று நினைக்க வேண்டாம். நமது வியாபாரத்தின் அத்திவாரத்தோடு சம்பந்தப்பட்ட விடயம் இது.

2021 ஆம் ஆண்டில் நடந்ததை எல்லோரும் அறிவோம். அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகச் சேதனப் பசளை கொண்டுவருவதற்காகச் சீனாவின் சிங்தாவோ சீவின் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மொத்தம் 99,000 மெட்ரிக் தொன். முதற் கட்டமாக சுமார் 20,000 தொன். மாதிரிகளைப் பரிசோதித்த நமது தேசிய தாவர தனிமைப்படுத்தல் சேவை, அவற்றில் பயிருக்குக் கேடு விளைவிக்கக்கூடிய நுண்ணுயிர்கள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. 'எர்வினியா' என்ற பக்டீரியாவின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது அப்போதுதான். சரக்கை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் நமது கடலைச் சுற்றிக்கொண்டிருந்தது. கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் நாணயக் கடிதத்துக்குப் பணம் செலுத்துவதைத் தடுத்தது. அதற்குச் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில் ஆறு மில்லியனுக்கும் அதிகமான டொலர் கொடுத்து விவகாரம் முடிக்கப்பட்டது. சரக்கு வரவில்லை, பணம் மட்டும் போனது.

இவ்வளவும் நினைவிலிருக்கும். ஆனால் இடையில் நடந்த ஒன்றைப் பலர் மறந்திருப்பார்கள். 2021 நவம்பரில் அந்தக் கம்பனி ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பியது. 8 மில்லியன் டொலர் நட்டஈடு வேண்டும் என்று கேட்டது. யாரிடம்? அமைச்சரிடமல்ல. ஒப்பந்தம் செய்தவர்களிடமும் அல்ல. தாவர தனிமைப்படுத்தல் சேவையின் மேலதிகப் பணிப்பாளரிடம். அதாவது ஆய்வு அறிக்கைக்குப் பொறுப்பாயிருந்த விஞ்ஞானியிடம். அன்றைய மாற்று விகிதத்தில் அது 160 கோடி ரூபா. அரச சம்பளம் வாங்கும் ஒருவர் பத்துத் தலைமுறை வேலை செய்தாலும் காணமுடியாத தொகை.

அந்தக் கம்பனி பரிசோதனை முடிவை மறுத்தது. பரிசோதனை முறையே பிழை என்றது. அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நம்முடைய சரக்கை ஒருவர் பழுது என்று சொன்னால் நாமும் அப்படித்தான் வாதாடுவோம். யாருடைய பரிசோதனை சரி என்று தீர்ப்புச் சொல்லுமளவுக்கு நான் படித்தவனுமல்ல. என் கேள்வி வேறு. அறிக்கை பிழையானால் அறிக்கையோடு வழக்காடலாம், மறுபரிசோதனை கேட்கலாம், அரசாங்கத்தின் மீது வழக்குப் போடலாம். அறிக்கை எழுதிய மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டுவது எந்த நியாயம்? அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு இன்னொரு ஆய்வுகூடத்தில் இருக்கும் இளம் அதிகாரி அடுத்த அறிக்கையில் கையொப்பமிடும்போது அவருடைய கை நடுங்காதா?

"பசளை விவகாரம் பெரிய இடத்து விளையாட்டு, நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு அதே வருடம் மார்ச் மாதத்தை ஞாபகப்படுத்துகிறேன். இறக்குமதி செய்யப்பட்ட தேங்காய் எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அஃப்லடொக்சின் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டும் ரமழானும் ஒன்றாக வரவிருந்த நேரம். சம்பந்தப்பட்டவை ஒரு சில கம்பனிகளின் கொள்கலன்கள்தான். ஆனால் அடிபட்டது யார்? எண்ணெய் விற்ற எல்லோரும். வாடிக்கையாளர் கடைக்கு வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இது அந்த எண்ணெயா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. நம்முடைய வாய்ச்சொல்லை நம்பாதவர் ஒன்றை மட்டும் நம்புவார்: ஆய்வுகூடத்தின் சான்று. அந்தச் சான்றின் பெறுமதி அதை எழுதியவர் யாருக்கும் பயப்படாதவர் என்பதில்தான் இருக்கிறது. பயந்து எழுதப்பட்ட "பழுதில்லை" என்ற அறிக்கைக்குச் சந்தையில் ஒரு சதமும் பெறுமதி இல்லை. நேர்மையான வியாபாரிக்கும் மோசடிக்காரனுக்கும் இடையில் நிற்கும் ஒரே சுவர் அதுதான். அந்தச் சுவர் விழுந்தால் மலிவாக வாங்கிக் கலப்படம் செய்பவன் வெல்வான். நல்ல சரக்கு கொண்டுவருபவன் தோற்பான்.

இதை இவ்வளவு அழுத்தமாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

சுமார் இருபது வருடங்களுக்கு முன்பு செத்தல் மிளகாய் ஒரு கொள்கலன் இறக்கியிருந்தேன். கடன் வாங்கிச் செய்த இறக்குமதி. மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். சில நாட்களில் அறிக்கை வந்தது. அஃப்லடொக்சின் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாம். எனக்குத் தலை சுற்றியது. துறைமுகத்தில் ஒவ்வொரு நாளும் பணம் ஏறிக்கொண்டிருக்கிறது. வங்கியில் வட்டி. "அந்த அதிகாரி ஏதோ எதிர்பார்க்கிறான்" என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. செல்வாக்குள்ள ஒருவரைப் பிடித்தேன். அவர் தொலைபேசியில் பேசினார். இன்னொரு மாதிரி எடுக்கப்பட்டது, இன்னொருவர் பார்த்தார், சரக்கு விடுபட்டது. முதல் அறிக்கை எழுதியவருக்குச் சில வாரங்களில் தூர மாவட்டமொன்றுக்கு இடமாற்றம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அன்று நான் அதற்காகக் கவலைப்படவில்லை.

மனதில் ஓர் உறுத்தல் மட்டும் இருந்தது. கடையிலிருந்த சாக்குகளில் நானே மூன்று மாதிரி எடுத்து, என் காசைக் கட்டித் தனியார் ஆய்வுகூடமொன்றுக்குக் கொடுத்தேன். முதல் அதிகாரி எழுதியதுதான் சரி. மீதியிருந்த சாக்குகளை அழித்துவிட்டேன். ஆனால் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் ஊர்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எந்தெந்த வீட்டு அம்மியில் அது அரைபட்டதோ, அல்லாஹ் அறிவான்.

சில வருடங்களுக்குப் பிறகு அந்த அதிகாரியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பண்பானவர். தேநீர் தந்தார். "முதலாளி, நான் உங்களுக்கு எதிராக எழுதவில்லை. மெசின் காட்டியதை எழுதினேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் காலத்தில் சரக்கு யாருடையது என்று நான் பார்ப்பதே இல்லை. இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒரு நல்ல அதிகாரியைக் கெடுப்பதற்கு இலஞ்சம் கொடுக்கத் தேவையில்லை. உண்மை எழுதியதற்காக ஒரு தடவை தண்டித்தால் போதும். அந்த வேலையில் எனக்கும் பங்கிருக்கிறது.

இனி, மற்ற நாடுகள் இதற்கு என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1989 ஆம் ஆண்டிலேயே தவறுகளை வெளிப்படுத்தும் அரச ஊழியர்களைப் பாதுகாக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதில் நமக்குப் படிப்பினையான ஓர் அம்சம் உண்டு. தான் தகவல் சொன்னது தன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக்கு ஒரு காரணமாக இருந்தது என்று ஊழியர் காட்டினால் போதும். அதன் பிறகு, அந்தத் தகவலைச் சொல்லாதிருந்தாலும் இதே நடவடிக்கையை எடுத்திருப்போம் என்பதைத் தெளிவான சான்றோடு நிரூபிக்க வேண்டியது திணைக்களத்தின் பொறுப்பு. அதாவது பாரம் பலமுள்ளவன் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது.

2004 ஆம் ஆண்டில் அங்கு 'வயொக்ஸ்' என்ற மூட்டுவலி மருந்து பெரும் விவகாரமானது. மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது என்ற காரணத்தால் மேர்க் கம்பனி செப்டம்பர் 30 ஆம் திகதி அதைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் வேலை செய்த டாக்டர் டேவிட் கிரஹாம் அந்த நவம்பரில் செனட் குழுவின் முன்னால் போய், தனது ஆய்வின் முடிவுகளை மென்மைப்படுத்தும்படி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது என்று பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். அவர் வேலையை இழக்கவில்லை. 2012 ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் மேலும் பலப்படுத்தப்பட்டது. ஆராய்ச்சி முடிவுகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் மறைப்பதை, திரிப்பதை வெளிப்படுத்துபவருக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அப்போது எழுத்தில் சேர்க்கப்பட்டது. அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அதே 2012 இல்தான், மருத்துவக் கருவிகள் பற்றி முறையிட்ட அதே நிர்வாகத்தின் விஞ்ஞானிகளது மின்னஞ்சல்கள் இரகசியமாகக் கண்காணிக்கப்பட்ட விடயமும் வெளியே வந்தது.

கனடாவின் கதை கசப்பானது. அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தில் ஷிவ் சோப்ரா, மார்கரட் ஹேடன், ஜெரார்ட் லம்பெர்ட் என்ற மூன்று விஞ்ஞானிகள் இருந்தார்கள். பசுக்களுக்குப் பால் கூடச் சுரப்பதற்காக ஏற்றும் ஹோர்மோன் மருந்தை அங்கீகரிக்கும்படி தங்களுக்கு அழுத்தம் வந்ததாக 1998 இல் செனட் குழுவிடம் கூறினார்கள். 1999 ஜனவரியில் கனடா அந்த மருந்தை நிராகரித்தது. பொதுமக்களின் சுகாதாரம் சம்பந்தப்பட்ட விடயத்தில் அரச ஊழியரின் விசுவாசக் கடமை பேச்சுரிமைக்கு வழிவிட வேண்டும் என்ற கருத்தில் 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றமும் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இருந்தும் 2004 ஜூலையில் மூவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீழ்ப்படியாமை என்று காரணம் சொல்லப்பட்டது. வழக்கு இழுபட்டு 2011 இல் லம்பெர்ட்டுக்கு மட்டும் சாதகமாக முடிந்தது. மற்ற இருவரின் பதவி நீக்கமும் உறுதிசெய்யப்பட்டது. சோப்ரா 2018 இல் காலமானார். கனடாவின் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 இல். அது இவர்களுக்கு நேரத்தில் உதவவில்லை.

நமது நாட்டில் நிலைமை என்ன? தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயம், அனுமதியில்லாமல் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதை அரச ஊழியருக்குத் தடைசெய்கிறது. 2022 செப்டம்பரில் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வதையும் கட்டுப்படுத்திச் சுற்றுநிருபம் வந்தது. மறுபக்கம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கக்கூடிய தகவலைக் கொடுத்ததற்காக எந்த ஊழியரையும் தண்டிக்கக்கூடாது என்கிறது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலும் தகவல் தருபவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதே வருடத்தின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கானது.

இவை நல்ல ஆரம்பங்கள். ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. ஊழலை, குற்றத்தை அறிவிப்பவரைச் சுற்றியே இந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆய்வுகூட அதிகாரி எப்போதும் ஊழலை அறிவிக்கப் போவதில்லை. யார் காசு வாங்கினார் என்பது அவருக்குத் தெரியாது. "இந்த மாதிரியில் நஞ்சு இருந்தது, என் அறிக்கை மேசை இலாச்சிக்குள் போய்விட்டது" என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அதை அவர் யாரிடம் சொல்வது? சொன்ன பிறகு இடமாற்றம் வந்தால் யாரிடம் போவது? 8 மில்லியன் டொலர் கேட்டுக் கடிதம் வந்தால் சட்டத்தரணிக்கு யார் பணம் கொடுப்பது?

இதற்கு நம்மவர்கள் சொல்லும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "அதிகாரிகளுக்கு இன்னும் பாதுகாப்புக் கொடுத்தால் நம்மை விட்டுவைப்பார்களா? பிடிக்காத வியாபாரியைப் பழிவாங்குவார்கள். போட்டிக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு நம் சரக்கைப் பழுது என்பார்கள்." இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. அப்படிப்பட்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் பாதுகாப்பு என்பது பொய்க்கு அல்ல. நல்லெண்ணத்தோடு, ஆதாரத்தோடு செய்ததற்கு மட்டுமே அது இருக்க வேண்டும். தெரிந்துகொண்டே பொய் எழுதியவருக்குத் தண்டனை இருக்கட்டும். அதே நேரம், வியாபாரிக்கு மாதிரியின் இரண்டாம் பாகத்தை வேறொரு ஆய்வுகூடத்தில் பார்க்கும் உரிமையும், அதன் முடிவைக் குறித்த நாட்களுக்குள் பெறும் உரிமையும் சட்டத்தில் உறுதியாக இருக்க வேண்டும். வழி நேராக இருந்தால் யாரும் குறுக்கு வழி தேடமாட்டார்கள். அன்று எனக்கு அப்படி ஒரு நேர்வழி திறந்திருந்தால் நான் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு ஓடியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது சாக்குப்போக்கு. பிழை என்னுடையது.

என்ன கேட்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, கடமையின்போது நல்லெண்ணத்துடன் எழுதிய அறிக்கைக்காக அதிகாரிமீது தனிப்பட்ட நட்டஈடு கோரப்பட்டால், அந்த வழக்கையும் செலவையும் அரசாங்கமே ஏற்க வேண்டும். இரண்டாவது, பாதகமான அறிக்கை எழுதியவரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் இடமாற்றினால், அதற்கான காரணத்தைத் திணைக்களம் எழுத்தில் காட்ட வேண்டும். மூன்றாவது, அறிக்கை மறைக்கப்பட்டால் முறையிடுவதற்கு அமைச்சுக்கு வெளியே சுயாதீனமான ஓர் இடம் வேண்டும். நான்காவது, மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் பெயரில்லாமல், இலக்கத்தோடு மட்டும் போக வேண்டும். சரக்கு யாருடையது என்பது பரிசோதிப்பவருக்குத் தெரியவே கூடாது. இது அதிகாரிக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

நமது வர்த்தகச் சங்கங்கள் வரிக் குறைப்புக்காக அமைச்சர்களைச் சந்திக்கின்றன. டியூட்டிக்காக மகஜர் கொடுக்கின்றன. நல்லது. ஒரு தடவையாவது இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போகலாமே. "எங்கள் சரக்கைப் பரிசோதிப்பவருக்குப் பாதுகாப்புக் கொடுங்கள்" என்று வியாபாரிகளே கேட்டால் அதன் கனம் வேறு. நம்மைப் பற்றிப் பொதுமக்களிடமுள்ள கெட்ட எண்ணத்தையும் அது கொஞ்சம் மாற்றும்.

கடைசியாக ஒன்று. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால் நம் மத்ரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம். அது கொடுக்கல் வாங்கல் பற்றியது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்பதை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அதே வசனம் எழுதுபவருக்கும் சாட்சிக்கும் எந்த இடையூறும் செய்யக்கூடாது என்று கட்டளையிடுவதையும், அப்படிச் செய்வது பாவம் என்று எச்சரிப்பதையும் நாம் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறோம்? ஆய்வுகூட அதிகாரி நம் சரக்கைப் பற்றி எழுதுபவர். அவரே அதற்குச் சாட்சியும் ஆவார். இதற்கான சட்டத்தைப் பாராளுமன்றம் எப்போது முழுமையாக்குமோ தெரியாது. நமக்கு அந்தக் கட்டளை என்றோ வந்துவிட்டது.

அடுத்த தடவை ஒரு பாதகமான அறிக்கை கைக்கு வரும்போது, தொலைபேசியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். மறுபரிசோதனை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். எழுதியவரை மட்டும் விட்டுவிடுங்கள்.